உறவுக்கு மட்டும் தெரிந்த பைக்கடை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வயதைக் கேட்டால் குறைத்தும், வியாதியைக் கேட்டால் கூட்டியும் சொல்லுகிற வழக்கம் இதை எழுதுகிறவனுக்கு உண்டு என்றாலும், இந்த விஷயத்தில் மட்டும் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் எழுதுகிற கை எழுதும்போதே விளங்காமல் போகட்டும்.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவில் இருந்த பை பழுதுபார்க்கும் கடை, திறந்த நாளிலிருந்தே அதை நடத்தியவளின் சொந்தக்காரர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் அந்த இடத்தில் ஒரு சுவரைப் பார்த்தார்கள். நல்ல சுவர்தான், விரிசல் கிடையாது. மாடியிலிருந்து மழைநீர்க் குழாய் ஒன்று அதன் மேல் இறங்கியது. கடைக்காரி அதற்கு முன் பயணப்பெட்டிகள் விற்கிற பெரிய கடை ஒன்றின் பின்கட்டில் பல வருஷம் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தவள். ஜிப்பை ஒரு முறை இழுத்துச் சத்தத்தைக் கேட்டாலே எந்தப் பல் வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முழு ஜிப்பையும் மாற்றாமல் பிடித்து இழுக்கிற ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற நேர்மையும் அவளிடம் இருந்தது. அந்த நேர்மைக்காகத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். சரி, நாமே ஒரு கடை போட்டால் என்ன என்று போட்டாள். வாசலை ஒட்டித் தையல் மிஷின், சுவரில் வார்களும் கொக்கிகளும், மூலை அலமாரியில் மெழுகு தேய்த்த நூல்கண்டுகள் என்று கடை அம்சமாகத்தான் இருந்தது. பார்க்க ஆள்தான் இல்லை.

ஆள் இல்லை என்று சொல்வதும் தப்பு. சொந்தக்காரர்கள் வந்தார்கள், சாரைசாரையாக வந்தார்கள். பெரியப்பா தன் கல்யாணத்துக்கு வாங்கிய தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் பையைத் தன் பை என்று சொல்லிக் கொண்டுவந்தார். அத்தை மகள் அலுவலகத்துப் பைகள் மொத்தத்தையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். வேலை முடிந்ததும் எல்லோரும் "நம்ம கடை இருக்கும்போது வெளியில எதுக்குப் போகணும்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளும் கேட்கவில்லை. பெரியப்பாவிடம் போய்க் கூலி கேட்க நாக்கு புரளுமா? மற்றபடி, வார் அறுந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அந்நியர் யாரையாவது கண்டால் "சார், வாங்க சார், இப்பவே தைச்சுத் தர்றேன் சார்" என்று கூப்பிடுவாள். அவர் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையை எட்டிப் போடுவார். சுவர் மரியாதையாகப் பேசினாலும் அதனோடு நின்று பேசுவதற்கு யாருக்கும் துணிச்சல் வருவதில்லை.

கட்டிடக்காரருக்கும் அது சுவர்தான். மாதாமாதம் வாடகை வந்ததால் அது எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று அவர் ஆராயவில்லை. வருகிற பணத்தின் குலம் கோத்திரம் விசாரிப்பவர் அல்ல அவர். சும்மா கிடக்கிற சுவரை ஒரு பற்பொடிக் கம்பெனியின் விளம்பரத்துக்குக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, விளம்பரம் எழுதுகிறவன் ஏணியோடு வந்து அவள் கடைக்குள்ளேயே ஏணியைச் சாய்த்து, மூலையில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்துப் பார்த்தான். பூச்சு பட்ட இடத்தில் நூல்கண்டு அலமாரி மறைந்தது. அவள் கண்ணுக்கே மறைந்தது. கையை நீட்டினால் ஈரச் சுண்ணாம்புதான் பட்டது. நல்லாப் பிடிக்குது, திங்கட்கிழமை வந்து முழுசா அடிச்சிடலாம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனான். திங்கட்கிழமைக்குப் பிறகு தனக்குக் கடை இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் கணவன் மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவன். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்தும் வாழ்க்கையில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான். அவன்தான் யோசனை சொன்னான்.

"நூலகத்து மாடியில சிறு கடைக்காரங்களுக்கு உதவி மையம்னு ஒண்ணு இருக்காம். ஆலோசனை இலவசம்."

"இலவசமா? சும்மா கொடுக்கிறாங்கன்னா அதுல ஏதோ இருக்கு."

"போய்க் கேட்டுட்டு வா. பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடு."

உதவி மையம், பத்திரிகை படிக்கிற கூடத்துக்கு மேலே இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பீரோ, ஜன்னலோரம் ஒரு புறா. ஊரில் எல்லோருக்கும் 'சும்மா' என்ற சொல்லின் மேல் இருந்த சந்தேகத்தால் அங்கே கூட்டம் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தவரை ஊரில் மூடுவிழாக்காரர் என்பார்கள். அடுத்தடுத்து மூன்று கடை திறந்து மூன்றையும் மூடியவர். முங்கினவனுக்குத்தானே ஆழம் தெரியும் என்று மையத்தில் அவரையே உட்காரவைத்திருந்தார்கள். அண்ணன் தம்பி, பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர். அவருடைய தோள்பையின் ஜிப் போய், சணல் கயிற்றால் கட்டியிருந்தது. இவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டாள்.

தன் கடை யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்று அவள் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. கடைக்காரர்கள் கொண்டுவருகிற கஷ்டங்களில் இது நடுத்தரமானதுதான். போன வாரம் வந்த சலூன்காரரின் கண்ணாடி, உட்காருகிறவர்களைப் பத்து வயது கூட்டிக் காட்டியிருக்கிறது. பீரோவிலிருந்து சாதாரணக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அதனால் நிதானமாகவே கேட்டார்.

"யாருக்குமே தெரியலையா, சில பேருக்கு மட்டும் தெரியுதா?"

"சொந்தக்காரங்களுக்கு நல்லாவே தெரியுது சார். அதுதான் ரெண்டாவது கஷ்டம்."

"கடை திறந்த அன்னைக்கு வாசல்ல நின்னு என்ன பேசினீங்க?"

"என்ன பேசுவாங்க? எல்லாரும் பேசறதுதான். சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. 'இது என் கடை இல்ல, உங்க கடை. உங்களுக்காகத்தான் திறந்திருக்கேன், வேற யாருக்காக'ன்னு சொன்னேன்."

மூடுவிழாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க மரியாதைக்குச் சொன்னீங்க. கடை அதை நிஜம்னு எடுத்துக்கிச்சு. புதுக்கடை பச்சைக் குழந்தை மாதிரி. சொன்னதை அப்படியே பிடிச்சுக்கும்."

"இப்ப இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

"வாசல்ல நின்னு சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கினா அப்புறம் கடை உங்களையே நம்பாது. உறவுக்குத்தான் தெரியும்னா, உறவைக் கூட்டிக்கோங்க. வர்றவங்களை என்னன்னு கூப்பிடறீங்க?"

"சார், மேடம்."

"ஏன்?"

பழைய கடையில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வாடிக்கையாளரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்குச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பத்து வருஷத்தில் அவள் நாக்கில் 'சார்' என்ற சொல் தழும்பாகவே ஆகியிருந்தது. மூடுவிழாக்காரர் சிரித்தார். "அப்ப ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாக்கைப் பழக்குங்க. இதுக்குக் கட்டணம் கிடையாது."

அவள் பழக்கினாள். லிஃப்ட்காரன் சமையலறை வாசலில் வெவ்வேறு ஆளாக வந்து நின்றான், அவள் வெவ்வேறு முறை வைத்துக் கூப்பிட்டாள். கடைசியில் வாய் தவறி அவனையே 'தம்பி' என்று சொல்லப்போய், அவன் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினான். அங்கே கடை இல்லாததால் விபரீதம் ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை விளம்பரக்காரன் வந்தான். ஏணி போட்டு, பூச்சைக் கலக்கி, தூரிகையை முக்கினான். அவள் மிஷினுக்குப் பின்னால் எழுந்து நின்று வாயைத் திறந்தாள். வந்தது 'சார்'தான். மறுபடியும் திறந்தாள், மறுபடியும் 'சார்'. கொக்கிகள் மாட்டிய பக்கத்தில் தூரிகை ஒரு இழுப்பு இழுத்தது, வார்களில் பாதி காணாமல் போயின. அவனுடைய இடது கால், கீழே உருண்டிருந்த நூல்கண்டின் மேல் இருந்தது. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கடை போவதைக்கூடப் பார்த்துக்கொண்டிருப்பாள், நூல் மிதிபடுவதைப் பார்க்கமாட்டாள்.

"ஏய் தம்பி, காலை எடு. நூல் மிதிபடுதுல்ல."

விளம்பரக்காரன் குனிந்து காலைப் பார்த்தான். காலை எடுத்தான். பிறகு மிஷினைப் பார்த்தான், மிச்சமிருந்த வார்களைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

"என்னக்கா, இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்றான். அக்கா என்று அவனை யாரும் சொல்லச் சொல்லவில்லை. கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தான் அடித்த பூச்சைத் தானே சுரண்டி எடுத்தான். நூல்கண்டுகளும் வார்களும் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தன. பற்பொடிக்கு வைத்திருந்த சாயத்தில் அக்கா கடைக்குப் பெயர்ப்பலகையும் எழுதிக் கொடுத்தான். கட்டிடக்காரரை அன்று மாலை "சித்தப்பா" என்று கூப்பிட்டாள். அவர் கடையைப் பார்த்ததும் தன் கட்டிடத்தில் இப்படியொரு கடை இருப்பதில் பெருமைப்பட்டு, பற்பொடியைக் கொல்லைப்புறச் சுவருக்கு மாற்றினார்.

அதன் பிறகு கடைத்தெருவில் நடந்து போனவர்கள் எல்லாம் அவளுக்கு அண்ணன், தங்கை, மாமா, அத்தை ஆனார்கள். கடையில் நிற்க இடமில்லை. கல்லாவில் மட்டும் நிறைய இடம் இருந்தது. உறவானவர்கள் உறவுக்காரர்கள் மாதிரியேதான் நடந்துகொண்டார்கள். "நம்ம கடை" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கல்யாணம்கூட நிற்கப் பார்த்தது. மாப்பிள்ளையைத் தம்பி என்றும் பெண்ணைத் தங்கச்சி என்றும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தொலைத்துவிட்டாள். இரண்டு பேரும் கடைவாசலில் ஒருவரையொருவர் பார்த்ததும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட ஆரம்பித்தார்கள். பெண்ணை அவசரமாக "மாமா பொண்ணே" என்று மாற்றிக் கூப்பிட்ட பிறகுதான் அந்தப் பெண் வெட்கப்பட்டாள். அன்றிலிருந்து வயசுப் பிள்ளைகள் வந்தால், யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று விசாரித்த பிறகுதான் முறை வைப்பாள்.

கூட்டம் இருந்தும் நூல் வாங்கக் காசில்லாத நிலையில் மறுபடி நூலகத்து மாடி ஏறினாள். மூடுவிழாக்காரர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என் ரெண்டாவது கடை இப்படித்தான் மூடினது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. முதல்ல யார்கிட்ட கேட்கப் பயமோ அவர்கிட்ட கேளுங்க. மத்தவங்க தானாக் கொடுப்பாங்க."

"பெரியப்பாகிட்டயா? அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பேன்?"

"கடை திறந்த அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க."

பெரியப்பா மறுநாள் ஒரு சூட்கேசோடு வந்தார், அது அவர் மாடிவீட்டுக்காரருடையது. அவள் சக்கரத்தை மாற்றி, கைப்பிடியை இறுக்கி, துடைத்து முன்னால் வைத்தாள். அவர் கையை நீட்டினார். அவள் சூட்கேசை விடவில்லை.

"பெரியப்பா, இது யார் கடை?"

"இது என்ன கேள்வி? நம்ம கடை."

"உங்க கடைன்னு வாசல்ல நின்னு நான்தானே சொன்னேன். சொந்தக் கடைக்கு நீங்களே நஷ்டம் வைக்கலாமா?"

பெரியப்பா அவளைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்தது, போயிற்று, அந்த இடத்தில் ஒரு முதலாளி வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பைகளோடு நழுவப் பார்த்தவர்களை எல்லாம், "என்ன, என் கடையில வந்து சும்மா எடுத்துட்டுப் போறியா? அவ கண்ணு எரிய ஊசியில நூல் கோக்கிறது தெரியலையா?" என்று பிடித்துக்கொண்டார். அத்தை மகள் ஆட்டோ நிறையப் பைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தாள். பெரியப்பா ஆயுசு முழுக்க அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கூலி வாங்காமல் முதலாளியாக இருந்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

ஒரே ஒரு ஆளை மட்டும் அவள் இன்னும் 'சார்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடை எப்படியிருக்கிறது என்று பார்க்க ஒருநாள் மூடுவிழாக்காரர் தெருவுக்கு இறங்கி வந்தார். மருந்துக்கடையைத் தாண்டி வந்து, சுவருக்கு முன்னால் நின்று, அதன் உள்ளே எங்கேயோ மிஷின் ஓடுகிற சத்தத்தைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் சொன்ன யோசனையால் ஊரே பார்க்கிற கடையைத் தான் பார்க்க முடியாததில் அவருக்குக் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. தோளில் அதே பை, அதே சணல் கயிறு. அவள் உள்ளேயிருந்து அவரையும் கயிற்றையும் பார்த்தாள். அவருக்கு என்ன முறை வைப்பது என்று அத்தனை நாளும் யோசித்துக்கொண்டே இருந்தவள், அப்போது யோசிக்கவில்லை.

"வெயில்ல ஏண்ணே நிக்கறீங்க? உள்ள வாங்க. அந்தப் பையைக் கொடுங்க, பார்க்கச் சகிக்கலை."

அவர் சுவருக்குள் காலெடுத்து வைத்தார். அலமாரியையும் கொக்கிகளையும் பார்த்தார். அண்ணே என்று இதற்கு முன் தன்னை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல் வளையாத உலோக ஜிப், உள்ளே புதுத் துணி, இரட்டைத் தையல். முடித்துக் கொடுத்ததும், "அப்ப நான் வர்றேம்மா" என்று கிளம்பியவரை வாசல் நாற்காலியிலிருந்து ஒரு கை தடுத்தது. மூடுவிழாக்காரர் கூலியை எண்ணாமல் பெரியப்பா கையில் வைத்துவிட்டு, தான் கொடுத்த ஆலோசனைகளிலேயே உறவிடமும் கூலி கேட்கச் சொன்னதுதான் உருப்படியானது என்று ஒத்துக்கொண்டார்.

உதவி மையம் இப்போதும் நூலகத்து மாடியில்தான் இருக்கிறது, இப்போதும் இலவசம்தான். படிக்கட்டு வரை வரிசை நிற்கிறது, புறா ஜன்னலை விட்டுக்கொடுத்துவிட்டது. பைக்கடையில் லிஃப்ட்காரன் வேலை முடிந்ததும் வந்து கொக்கி மாட்டுகிறான். பெரியப்பாவின் நாற்காலியில் இன்றைக்குக் கட்டிடக்காரச் சித்தப்பா உட்காருகிறார். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதை எழுதுகிறவனுக்கு அந்தக் கடைக்காரியோடு எந்த உறவும் கிடையாது. இன்று காலைகூடப் போய்ப் பார்த்தாயிற்று: மருந்துக்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்.