அழிக்கும் உரிமை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மகாதேவி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்தபடி கால்மணி நேரத்தில் சொன்னது. நான் மூன்று வாரமாக எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "1988 மாசியில், போர் சற்றே ஓய்ந்த..." (வேண்டாம். போரில் தொடங்கினால் மகாதேவி பின்னுக்குப் போய்விடுவாள்.)

2

அவள் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்தாள். இடம்பெயர்ந்தவர்கள் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பராமரிக்கும் கந்தோர். நாலு கொம்பியூட்டர்கள், கம்பியால் ஒரே சேர்வரோடு இணைந்தவை. சேர்வரில் இருந்த பட்டியலை யாரும் திறக்கலாம், யாரும் அழிக்கலாம். ஒருநாள் யாரோ பழைய பிரதியைப் புதியதின் மேல் பதிந்துவிட, இருநூற்றுப் பதினொரு பெயர்கள் போய்விட்டன. மகாதேவி முகாம் முகாமாகத் திரிந்து அவற்றைத் திரும்ப எழுதி வந்தாள்.

பிறகு கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் உரிமை வகுத்தாள். எல்லாரும் வாசிக்கலாம், சேர்க்கலாம். ஒருவரும் அழிக்க முடியாது, அவள் உட்பட. அழிக்கவென்று தனிக் கடவுச்சொல். முன்பாதி அவளிடம். பின்பாதியை, அவள் பாராதபடி, பக்கத்து மேசைக்காரர் அடித்து உறையிலிட்டு ஒட்டித் தர, அவள் அதைத் தலைவர் அருளம்பலத்தின் மேசையில் வைத்தாள். அவர் பிரிக்கவில்லை.

3

(அருளம்பலத்தை முதலில் கொடியவராக எழுதி அடித்துவிட்டேன். அவர் நல்லவர், அவசரக்காரர்.)

மயிலிட்டிச் சனம் முழுக்க ஊர் திரும்பிவிட்டதென்று யாரோ சொல்ல, அவர் மயிலிட்டிப் பட்டியலை அழிக்கப் பார்த்தார். சேர்வர் மூன்று தரம் மறுத்தது. மகாதேவியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் இந்தக் கந்தோரின்ரை தலைவர்."

"ஓம் ஐயா. எனக்கும் அழிக்கேலாது. ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் ஏலும்."

"அப்ப சேருவம்."

"முதல் ஒவ்வொரு பேராய்ப் பாப்பம் ஐயா. எல்லாரும் போயிட்டினமெண்டால் என்ரை பாதியை அடிக்கிறன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கதிரையை இழுத்துப் போட்டார். முப்பத்தேழாவது பெயரில் இருந்தபோது மயிலிட்டி மீன்பிடிகாரர் கனிசியஸ் உள்ளே வந்தார். நாலு மாதமாக மனைவியைத் தேடுகிறாராம். பெயர் பிலோமினா.

அருளம்பலமே மயிலிட்டிப் பட்டியலைத் திரையில் இறக்கிப் பார்த்தார்.

"பிலோமினா. பிள்ளையள் ரெண்டு. சாவகச்சேரி முகாம்."

கனிசியஸ் இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தார். மூன்றாவது தரம், கேளாமலே, உரத்து வாசித்தார். கந்தோர் முழுக்க எழும்பி நின்றது.

"நீ செய்ததுதான் சரி, பிள்ளை," என்றார் அருளம்பலம் பிறகு.

அன்றைக்குப்போல நிமிர்ந்து தான் ஒருநாளும் சைக்கிள் ஓடியதில்லை என்றாள் மகாதேவி.

4

முடிவு: "சாவகச்சேரி பஸ்ஸால் இறங்கிய கனிசியஸ், முகாம் வாசலில்..."

எனக்குத் தெரியாது. மகாதேவிக்கும் தெரியாது. அவள் மற்றப் பெயர்களைச் சரிபார்க்கப் போய்விட்டாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவர் போய்ச் சேரும்போது பிலோமினா அங்கேதான் இருக்கட்டும்.