எந்தக் கிளையில் நிற்கிறோம்

வென்-ஷிங் மெயின் கிளையில் கைவைத்த அன்று, வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் ஒரு வரிசை இயந்திரங்கள் காலை முழுக்க நின்றுபோயின.

சின்ச்சு நகரில் இருந்த அந்தச் சிறிய நிறுவனத்தில் ஆரம்பத்திலிருந்தே இருப்பவர் அவர். சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கான நிரலில் பாதிக்கு மேல் அவர் எழுதியது. பலர் எழுதும் நிரலைச் சேர்த்து வைக்கும் கிட் மென்பொருளில் அவரவர் தன் கிளையில்தான், அதாவது தன் தனிப் பிரதியில்தான், மாற்றங்களைச் செய்ய வேண்டும், இன்னொருவர் பார்த்த பிறகுதான் அது இயந்திரங்களுக்குப் போகும் பொதுக் கிளையான மெயினில் சேர வேண்டும் என்ற விதியை அங்கே கொண்டுவந்தவரும் அவரே. அவசரத்துக்கு மெயினில் நேரே எழுதும் அனுமதி அவருக்கும் பெய்-யூவுக்கும் மட்டும் இருந்தது. அப்படிப்பட்டவர் பாதி எழுதிய நிரலை அங்கே தள்ளிவிட்டிருந்தார்.

மேலாளர் குவோ வயதில் இளையவர். கத்தவில்லை. "வேற யாராவது செஞ்சிருந்தா புரியும். நீங்களே செஞ்சா நான் வாடிக்கையாளர்கிட்ட என்னத்தச் சொல்ல?" என்றார்.

"எந்தக் கிளைல நிக்கிறேன்னு பாக்காம அனுப்பிட்டேன்," என்றார் வென்-ஷிங்.

பக்கத்து மேசைக்காரியான பெய்-யூவும் அவ்வளவுதான் என்று நினைத்தாள். அவர் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் இடத்தில் ஒரு டாலர் குறி மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் அந்த பிராம்ப்டை விதவிதமாக அலங்கரித்துக்கொண்டபோதும் அவர் தொட்டதில்லை.

"அண்ணே, இந்த ஒத்தக் குறிய வச்சிக்கிட்டு எந்தக் கிளைல நிக்கிறோம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? தள்ளுங்க."

"அதெல்லாம் என் தலைல இருக்கு."

"தலைல இருந்த லட்சணத்தத்தான் காலைல பாத்தோமே."

அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தினார். அவள் அமைப்புக் கோப்பைத் திறந்து சில வரிகள் சேர்த்தாள். இனி டாலர் குறிக்கு முன்னால் கிளையின் பெயர் வரும். சொந்தக் கிளை என்றால் பச்சை, மெயின் என்றால் சிவப்பு. பதிவு செய்யாத மாற்றம் இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பதிவு செய்தும் அனுப்பாமல் இருந்தால் மேல்நோக்கி ஓர் அம்பு. அவர் கிளைக்குக் கிளை தாவி, நிறம் மாறுவதைப் பார்த்தார்.

"சிக்னல் விளக்கு மாதிரி இருக்கு. நான் ஸ்கூட்டர்லயே சிவப்புக்கு நிக்கிறவன் இல்ல."

"இதுலயாவது நில்லுங்க."

கொஞ்ச நாளில் மறுபடியும் நடந்தது. இந்த முறை வேறு யாரும் கவனிப்பதற்கு முன் பெய்-யூ பார்த்துவிட்டு, அனுப்பியதைத் திருப்பிப் பழையபடி ஆக்கினாள். பிறகு அவர் திரையை மேலே நகர்த்திப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் மெயின் என்று தெளிவாக இருந்தது. அதை ஒட்டியே அவர் அடித்த கட்டளையும் இருந்தது.

"சிவப்பு கண்ணுல படலையாண்ணே?"

"பட்டுச்சு. ஆனா அது எதுக்குச் சிவப்பா இருக்குன்னு அப்பத் தோணல."

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவராகவே கேட்க ஆரம்பித்தார். கடைசியாக என்ன பதிவு செய்தோம் என்று காட்ட முடியுமா. இப்போது எந்த வேலையில் இருக்கிறோம் என்று. இன்று என்ன கிழமை என்று. பெய்-யூ ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பிராம்ப்ட் இரண்டு வரியாயிற்று, மூன்று வரியாயிற்று. எதிர் வரிசையில் இருந்த யென்-டிங், "அண்ணன் திரை இப்ப தேர்தல் விளம்பரப் பலகை மாதிரி ஆயிடுச்சு. இனி வேட்பாளர் படம்தான் பாக்கி," என்றான். வென்-ஷிங்கும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த நட்சத்திரம் மட்டும் மறையவே இல்லை. காலையில் செய்த மாற்றம் எதற்கென்று மதியம் நினைவிருக்காது. பதிவு செய்யவும் பயம், தூக்கிப்போடவும் பயம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வழக்கம்போல அலுவலக விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் தலை சாய்த்திருந்தார்கள். பெய்-யூ கண் விழித்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டி பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது.

"தூங்கலையாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீ எழுதி வச்சதெல்லாம் படிக்க முடியுது," என்றார் அவரும் குரலைத் தாழ்த்தி. "கிளை பேரு, கிழமை, எல்லாம். படிச்சப்பறம் என்ன செய்யணும்னுதான் வரல."

அவள் எழுந்து அவர் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துக் குச்சிகளைக் கையில் கொடுத்தாள். அன்று மாலையே அவர் மனைவி யுன்-ச்சிக்குப் போன் செய்தாள்.

பரிசோதனைகள் முடிந்த பிறகு யுன்-ச்சி குவோவைப் பார்க்க வந்தாள். இளவயதிலேயே வரும் மறதி நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். திருப்ப வழியில்லை. பழகிய இடத்துக்குப் போய்வந்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பார் என்பதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. குவோ கெட்டவர் அல்ல. "வரட்டும் அண்ணி, அவர் இடம் அப்படியே இருக்கும்," என்றார். அவள் போனபின் பெய்-யூவிடம், "அவர் அனுமதிய எடுத்துரு. நிரல்ல அவர் கை படக்கூடாது," என்றார்.

பெய்-யூ எடுத்தாள்.

அன்று பிற்பகல் அவர் எதையோ அனுப்பப் பார்த்தார். அனுமதி இல்லை என்று சர்வர் சொன்னது. "இத யாரு எடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே. குவோ சொன்னாரு."

அவர் முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு, "சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்," என்றார்.

மறுநாள் அதே கட்டளை, அதே கேள்வி. அவர் முகமும் அதேபோல விழுந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிது. சொல்லுகிற அவளுக்குத்தான் பழகவில்லை. கடைசியில் அவள் தன் கணினியில், எதை அனுப்பினாலும் வாங்கி, வேறெங்கும் போகவிடாமல் வைத்துக்கொள்ளும் ஒரு வெற்றுக் களஞ்சியத்தை உண்டாக்கி, அவர் கணினியை அதற்குத் திருப்பிவிட்டாள். மெயின் என்ற கிளையே அவர் பக்கம் இல்லாமல் செய்தாள். அவர் அனுப்பினார், போயிற்று. அம்பு மறைந்தது, எழுத்து பச்சையாகவே இருந்தது. அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அவள் அவர் அனுப்பியதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு முற்பகல் அவர் அவள் பக்கம் திரும்பினார். அன்று அவர் கண்ணில் பழைய கூர்மை இருந்தது.

"பெய்-யூ, நான் அனுப்புறதுல ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல. ஒரு கேள்வி இல்ல. நம்ம தொழில்ல அப்படி நடக்குமா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவர் விரல்கள் ஒரு கட்டளையை அடித்துவிட்டன. இந்த மாற்றங்கள் எங்கே போகின்றன என்று காட்டும் கட்டளை. வரியில் அவள் கணினியின் பெயர் வந்தது.

"இது உன் மெஷின்தானே?"

"ஆமாண்ணே."

"எனக்காகச் செஞ்சியா?"

"ஆமா."

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு, "நாளைக்கு இத மறந்துருவேன், இல்ல?" என்று கேட்டார்.

பொய் சொல்ல அவளால் முடியவில்லை. ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

"அப்ப இன்னைக்கே போறேன். தெரிஞ்சு போனாத்தான் நானாப் போன மாதிரி இருக்கும்." குவோவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யென்-டிங்கின் தோளைத் தட்டினார். யுன்-ச்சி வந்ததும் குடையை வாங்கி அவரே பிடித்துக்கொண்டு நடந்தார். பெய்-யூ கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவள் மேசைக்கு வந்தபோது வென்-ஷிங் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற யுன்-ச்சி அவளைத் தனியாக அழைத்தாள். "வேலைய விட்டுட்டேன்னு நேத்து வந்ததும் சொன்னாரு. நல்லாத்தான் சாப்பிட்டாரு. விடிஞ்சதும் குளிச்சுச் சட்டையப் போட்டுட்டு நிக்கிறாரு. நான் என்ன சொல்லி நிறுத்த?"

"இருக்கட்டும் அண்ணி. நான் பாத்துக்கறேன்."

பெய்-யூ போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் பிராம்ப்டை வாய்க்குள் ஒருமுறை படித்தார். விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் பச்சையா இருக்கு," என்றார்.

"ஆமாண்ணே," என்றாள் அவள்.