கல்மழை நாளின் தூக்கம்

ஆலங்கட்டிக் கல் விழுந்து ஓய்ந்தபோது எங்கள் ஊரில் ஒரு காரின் கண்ணாடிகூட மிச்சமில்லை. இத்தனைக்கும் ஆம்பிளைகள் எல்லோரும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு காரை மூடத்தான் ஓடியிருந்தார்கள். திராட்சைத் தோட்டம் நிறைந்த எங்கள் மெந்தோசாப் பக்கம் கல்மழை வந்தால் இதுதான் வழக்கம். மெத்தை காருக்கு, மண்டை கல்லுக்கு.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்று நான் ஒருத்திதான். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார், அது அன்றைக்கு இல்லை. தலை கிழிந்தவர்கள், தலையைப் பொத்தப் போய் விரல் முறிந்தவர்கள் என்று வாசலைத் தாண்டி வரிசை. தைத்தேன், கட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீங்கின மண்டையோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்களை, "வாந்தி வந்தா வாங்க, இப்ப போய்ப் படுங்க" என்று அனுப்பிவிட்டேன். ரத்தம் ஒழுகுகிறவர்களைப் பார்க்கவே எனக்குக் கை போதவில்லை.

வரிசை தீர்ந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர் முழுக்க மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டது. கூரை போனாலும் எங்களுக்கு அது உண்டு. அந்த நேரத்தில் பாதிரியார் மணி அடிக்கமாட்டார், போலீஸ்காரர்கூடக் கதவைத் தட்டமாட்டார்.

எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. எதையோ மறந்த மாதிரியே இருந்தது. தரையைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். அப்போது பக்கத்துத் தெரு ஸுல்மா, விரல் கட்டு நனைந்துவிட்டது என்று வந்தாள். அவள் புருஷன் அனிபால் நெற்றிப்பொட்டில் கோழிமுட்டை அளவு வீக்கத்தோடு வந்து, என்னைக் கேலி பேசிவிட்டுப் போனவன்.

"அனிபால் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன, தூங்குறாரு. இன்னிக்கு விடுற கொறட்டையில மிச்ச ஓடும் பேந்துடும் போல."

"எப்பவும் கொறட்டை விடுவானா?"

"இல்லையே."

கட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். கட்டிலருகே போனதும் ஸுல்மா என் கையைப் பிடித்தாள். "எழுப்பாத நெலிடா. பாதித் தூக்கத்துல எழுப்பினா நாள் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு."

உலுக்கினேன், கிள்ளினேன். இமையைப் பிரித்து டார்ச் அடித்தேன். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது அகல விரிந்து அப்படியே நின்றது.

"இது தூக்கமில்லடி," என்றேன். "மண்டைக்குள்ள ரத்தம் கட்டுது."

நெடுஞ்சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வராது என்று போனில் சொன்னார்கள். எதிர்வீட்டுத் தீனோவின் திராட்சை ஏற்றும் லாரியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸுல்மாவையும் ஏற்றி, தோட்டத்து மண்பாதை வழியாக நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

லாரி தெரு திரும்பும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மண்டை வீங்கின மற்றவர்களும் இப்போது படுத்திருக்கிறார்கள். நான்தான் படுக்கச் சொன்னேன். அடிக்கடி எழுப்பிப் பாருங்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஸுல்மாவின் அடுப்படியில் கிடந்த சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி வாசல் வாசலாக அடித்தேன்.

"பைத்தியம் புடிச்சிருச்சாடி ஒனக்கு?"

"எழவு வீடா இது? போடி அங்கிட்டு."

ஒவ்வொரு வசவுக்கும் எனக்கு மூச்சு வந்தது. ஆள் தெரிகிறது, கோபம் வருகிறது, இவன் பிழைத்தான் என்று அடுத்த கதவுக்கு ஓடினேன். ஒருவன் செருப்பை எறிந்தான், குறி தப்பாமல். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

கடைசி வீடு பெரியவர் செகுந்தோவுடையது. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பல வருஷமாக என் முகத்தைப் பார்த்தாலே காறித் துப்புகிறவர். அன்றைக்குத் தலையில் தையல் போடும்போதுகூட என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். ஊரிலேயே தரமான வசவு இங்கேதான் கிடைக்கும் என்று கதவை இரண்டு மடங்கு இடித்தேன்.

கதவு திறந்தது. சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"வாம்மா," என்றார். "வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வந்து உட்காரும்மா."

அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "வண்டி, யாராவது ஒரு வண்டி எடுங்க" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.

"பாத்துப் போம்மா," என்றார் பின்னாலிருந்து.