ஞானாம்பாள் விழுங்கிய மாத்திரை

ஞானாம்பாளுக்குத் தீட்டு நின்று நான்கு வருஷமாகியும் அந்தச் சூடு மட்டும் நிற்கவில்லை. நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியது போலக் கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிஷத்தில் அடங்கி, பிறகு உடம்பு வெடவெடக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்க வேண்டும். எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் ஒரு மத்தியானம், கையில் ஒரு பனியனோடு அப்படியே நின்றுவிட்டாள். அதை எதற்கு எடுத்தோம் என்றே தெரியவில்லை. பக்கத்து மேஜை மாரக்காள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னாச்சுங்கக்கா? கண்ணு எங்கியோ நிக்குது!"

ஞானாம்பாளுடைய சின்னம்மா பொன்னாத்தாளையும் இப்படித்தான் சொன்னார்கள். வெள்ளகோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஐம்பது வயசில் உடம்பெல்லாம் எரிகிறது என்று ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். தூக்கமில்லை, பேச்சுமில்லை. காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். ஒருநாள் காலையில் தோட்டத்துக் கிணற்றில் மிதந்தாள். அப்போது ஞானாம்பாளுக்குப் பதினெட்டு வயது. இப்போது ஐம்பத்திரண்டு. ஒரு மாதமாகவே அவள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்துவதை விட்டுவிட்டு, தெருக்குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

மாரக்காள்தான் அவளைக் கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், உள்ளேயும் சோதித்தார். சின்னம்மா கதையைப் பாதியில் நிறுத்தாமல் கேட்டார்.

"உங்களுக்குப் பைத்தியமில்லைம்மா. இந்த வயசுல உடம்புல ஒரு சுரப்பு குறைஞ்சுபோகும். அந்தச் சூடுதான் இது. உங்க சின்னம்மாவுக்கும் இது இருந்திருக்கலாம். ஆனா அவங்க மனசு நொந்துபோனதை யாரும் கவனிக்கலை. உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

"சாகோணும்னு இல்லீங்க டாக்டரம்மா. செத்துருவனோன்னு பயமா இருக்குதுங்க."

டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரை எழுதினார். குறைந்த சுரப்பை வெளியிலிருந்து கொடுக்கும் மாத்திரை. எழுதியவர் சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இதை வருஷக்கணக்கா சாப்பிட்டவங்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதிகமா வருதுன்னு போன வருஷம் அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் வராது. குறைஞ்ச அளவுல, கொஞ்ச காலம் சாப்பிடலாம்னு எனக்குத் தோணுது. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்னிக்கே வந்துரணும். வேண்டாம்னாலும் தப்பில்லை. இந்தச் சூடு ஆளைக் கொல்லாது."

மாத்திரைப் புட்டி பதினோரு நாள் அரிசிப் பானைக்குள் கிடந்தது. சாப்பிட்டால் புற்று, சாப்பிடாவிட்டால் கிணறு என்று அவள் மனசு அங்கும் இங்கும் அலைந்தது. பன்னிரண்டாம் நாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைக்க மறந்து வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்தபோது பாத்திரம் கருகி, சுவரெல்லாம் கரி. அன்றைக்கு முதல் மாத்திரையை விழுங்கினாள். புட்டியைப் பார்த்துக் கேட்ட புருஷன் தண்டாயுதபாணியிடம் சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வாரம் விடியும்வரை தூங்கினாள். சூடு நாளைக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. செக்கிங் மேஜையில் மாரக்காளோடு சேர்ந்து சிரித்தாள். கார்த்திகை வரை நன்றாக இருந்தது.

பிறகு ஒருநாள் கம்பெனிக் கழிப்பறையில் பாவாடையில் ரத்தத்தைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்தாள். புற்று வந்துவிட்டது என்று நினைத்தாள். முகம் கழுவிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். சங்கு ஊதும்வரை பனியன் பனியனாக விரித்தாள். எதையும் கண் பார்க்கவில்லை.

தண்டாயுதபாணி வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாய் அதிகம் பேசாத மனுஷர். அவர் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏம்புள்ள, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"பைத்தியம்னு நெனச்சுக்குவீங்கன்னுதானுங்க."

"நீ எந்திரிச்சு எந்திரிச்சு நனஞ்ச சேலைய மாத்தறத நாலு வருசமாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். கேட்டா அழுவீன்னு எனக்கும் பயம். பேசாமக் கெடந்துட்டேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பையைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளில் சூடு பழையபடி திரும்பியது. தண்டாயுதபாணி ஒரு அடுக்குத் துணி முழுவதையும் பனியன் கையின் அளவு தப்பி வெட்டி, முதலாளியிடம் பேச்சு வாங்கினார். ஞானாம்பாள் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு எழுத உட்கார்ந்து மூன்று கார்டுகளைக் கிழித்தாள்.

பதினோராம் நாள் டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "புற்று இல்லை. மாத்திரையால கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிச்சிருக்கு. அதான் ரத்தம்."

தண்டாயுதபாணி கையெடுத்துக் கும்பிட்டார். "முருகா! போதுமுங்க, அந்த மாத்திரையே இனி வேண்டாமுங்க."

"நிறுத்தலாம். இல்லை, ஒரு மாசம் விட்டுட்டு, சவ்வு தடிக்காம இருக்க மாசத்துல பத்து நாள் இன்னொரு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாம். மாசாமாசம் கொஞ்சம் தீட்டு வரும். மூணு மாசத்துக்கு ஒருதடவை நான் பார்க்கணும். அப்பவும் ஆபத்தே இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

இருவரும் ஞானாம்பாளைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சிவந்து, நெற்றியில் வியர்வை பொடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சாப்புட்டாலும் பயம், உட்டாலும் பயம். பயந்துக்கறதுன்னு ஆயிப்போச்சு, மாத்திரையச் சாப்புட்டு நல்லாத் தூங்கி எந்திரிச்சே பயந்துக்கறனுங்க. எழுதிக் குடுங்க."

தண்டாயுதபாணி சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் சாப்பிட்டாள். கோயமுத்தூர் போகும் ஒவ்வொரு தடவையும் அவிநாசி தாண்டியதும் கை சில்லிட்டுப்போகும். பக்கத்தில் தண்டாயுதபாணி இருப்பார். பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, கூச்சப்பட்டுக்கொண்டே அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். பிறகு டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். சூடு சில வாரம் இலேசாக வந்து போனது. அது எந்த நாளில் கடைசியாக வந்தது என்று ஞானாம்பாள் கவனிக்கவில்லை.