மருந்து ஏற்றிய விதை

எனக்கு வாய் அதிகம். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து கத்துகிற டீச்சருக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடுமா? ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை கத்திச் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சுவர் ஓரமாகச் சூரியகாந்தி போடவேண்டும் என்று எனக்குத்தான் ஆசை வந்தது. உரக்கடையில் விதை வாங்கினேன். பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய விதை. ஒவ்வொன்றும் ரோஸ் கலரில் மிட்டாய் மாதிரி இருந்தது. "டீச்சர், நீங்களே குழியில போட்டுருங்க, புள்ளைங்க கையில குடுக்காதீங்க" என்றார் கடைக்காரர். நான் கேட்டேனா? அவர்கள் கையால் போட்டால்தானே அவர்கள் செடி என்று ஆளுக்கு ஐந்து விதை எண்ணிக் கொடுத்தேன்.

"ஏனுங் டீச்சர், வெதை ரோஸா இருக்குது?" என்று ஒருத்தன் கேட்டான்.

"மருந்து போட்டிருக்குதுடா. அப்பத்தான் ஒரு நோயும் அண்டாது, திடமா வரும். போட்டு முடிச்சதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கையக் கழுவோணும்."

அவ்வளவுதான் சொன்னேன். தோட்டங்காடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மருந்து என்றால் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிற டப்பா என்று அவர்களுக்குத் தெரியும். தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளையும் இங்கே உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பது மட்டும்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பேர் மட்டும் அறிவுச்செல்வி!

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் அவரவர் குழிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தனப்பிரியா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, உன்ற குழிக்கு நாந்தான் வந்து ஊத்தோணுமா?"

"அதுல வெதை இல்லீங் டீச்சர்."

"எங்க போச்சு?"

"தம்பிக்குக் குடுத்துட்டனுங்." முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அவனுக்கு நாலு நாளா சளிங். சோத்துக்கு மணி அடிச்சதும் அம்மா வேல செய்யற தறிப்பட்டறைக்குப் போயிக் குடுத்துட்டு வந்துட்டனுங். நீங்கதானுங் சொன்னீங்க, மருந்து, நோயே அண்டாதுன்னு."

அவள் தம்பி தமிழரசுக்கு இன்னும் இரண்டு வயதுகூட முடியவில்லை.

"எத்தனடி குடுத்த? சொல்லித் தொலை!"

நான் போட்ட சத்தத்தில் அவள் மிரண்டு அழ ஆரம்பித்தாள். அதற்குமேல் கேட்டு என்ன பிரயோஜனம்? பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, ஸ்கூட்டியில் அவளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்புமுன் அவள் அம்மா சௌமியாவுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். என்னைத் திட்டினேன், குறுக்கே வந்த டெம்போக்காரனைத் திட்டினேன், முன்னால் நின்ற பிள்ளையையும் விடவில்லை. "பச்சப் புள்ளைக்குப் போயிக் குடுத்திருக்கியே, அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னடி பண்ணுவ?" அவள் வாயே திறக்கவில்லை. அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

தறிப்பட்டறை வாசலில் சேலைத் தொட்டில் தொங்கியது. ஆடவில்லை, அசையவில்லை. பக்கத்தில் போனேனே தவிர, துணியை விலக்க எனக்குக் கை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே திரும்பி எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

என்னைப் பார்த்துவிட்டு சௌமியா தறியை நிறுத்தி வெளியே வந்தாள். "வாங்க டீச்சர். பாப்பா ஏதாச்சும் வம்பு பண்ணுச்சுங்களா?"

"பையனத் தூக்கு சௌமியா. மருந்து போட்ட வெதையத் தின்னுட்டான்."

எந்த மருந்து என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஐயோ சாமி!" என்று தொட்டிலுக்குள் கையை விட்டு வாரி எடுத்தாள். தூக்கம் கலைந்த பையன் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. நான் தொட்டில் சேலையை உதறினேன். எச்சிலில் ஊறிச் சாயம் போன விதை மூன்று கீழே விழுந்தது. ஒன்றுகூடக் கடிபடவில்லை.

"துப்பிட்டான் டீச்சர், துப்பிட்டான்!" சௌமியா அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் ஐந்து கொடுத்தேன். மீதி இரண்டு எங்கே? சேலையை மறுபடி உதறினேன். மண்டியிட்டுத் தரையெல்லாம் தடவினேன்.

"கண்ணு, நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. அஞ்சையும் தம்பிக்கேதான் குடுத்தியா?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த தனப்பிரியா இல்லை என்று தலையை ஆட்டினாள். "ரெண்ட நான் மொதல்லயே தின்னுட்டனுங். கசக்குதான்னு பாக்கறதுக்கு. கசந்தா அவன் துப்பிருவானில்லீங்."

ஸ்கூட்டியில் அவள் பேசாமல் வந்தது என் ஏச்சுக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. "வவுத்தப் பெரட்டுதுங் டீச்சர்" என்றாள். பட்டறை முதலாளி காரை எடுத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் என் மடியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தூங்கிவிடக்கூடாதே என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

டாக்டரிடம் விதைப் பாக்கெட்டைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டே விதைதான், வாந்தியும் எடுத்திருக்கா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சின்ன உடம்பு, நாளைக்குக் காலை வரைக்கும் பாக்கணும்" என்றார். தம்பியையும் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள்.

நர்ஸ் ஒரு டம்ளரில் வயிற்றிலிருக்கிற விஷத்தை உறிஞ்சுகிற கரியைக் கரைத்துக் கன்னங்கரேலென்று கொண்டுவந்தார். "மருந்து சாமி. கடகடன்னு குடிச்சுரு."

தனப்பிரியா பல்லைக் கடித்து வாயை இறுக்கிக்கொண்டாள். சௌமியா கெஞ்சினாள், அதட்டினாள். ம்ஹூம். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"இது எந்த மருந்துங் டீச்சர்?"

நான் நல்லது என்று சொன்னால் இனி அவள் நம்புவாளா? டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். நாக்கெல்லாம் மணலாக ஒட்டியது. "பாரு, நான் குடிச்சுட்டேன். இப்ப நீ குடி சாமி."

அவள் கை நீட்டவில்லை. எனக்கு ஏதாவது ஆகிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவசரப்படுத்தினார். வெகு நேரம் பார்த்துவிட்டு, நான் கீழே விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் டம்ளரைக் கையில் வாங்கினாள்.