பேப்பரில் வந்த சாவு

தேயிலை மலையில் மண்மேடு சரிந்து வெள்ளையம்மாவை மூடிய மூன்றாம் நாள், அவள் புருஷன் அழகமுத்து கஹவத்தைக்குப் பஸ் ஏறினான். துக்க வீட்டுக்காரனுக்குக் கடைவீதியில் என்ன வேலை என்று தோட்டத்து லயத்து வீடுகளில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு அண்ணன் செல்லத்துரை, எம்பிலிப்பிட்டியவில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறான். வருஷத்துக்கு இரண்டு கடை மாறுகிறவனுக்கு எந்த விலாசத்துக்குத் தந்தி அடிப்பது? ஆனால் பேப்பர் பார்க்காமல் பல் விளக்கமாட்டான். அவள் பெயர் பேப்பரில் வந்தால் போதும், காரியத்துக்காவது வந்து சேருவான்.

பத்திரிகை விற்கும் மக்கீன் முதலாளி ஒவ்வொன்றாக விரித்தார்.

"இங்கிலீசுல வந்திருக்கு. தேயில ரெண்டு ஏக்கர் சேதமாம். ஃபெக்டரிக்கு ஒண்ணும் இல்லயாம்."

"ஆளப் பத்திங்க?"

"இது தொரமாரு படிக்கிற பேப்பர், அழகமுத்து."

சிங்களப் பேப்பரில் ஆள் உண்டு. பெண் ஒருவர், பெயர் கிடையாது. பார்க்க வந்த எம்.பி.க்குப் பெயரும் படமும் இருந்தன. வாரப் பேப்பர் போன வாரமே அச்சானது. அதில் வெள்ளையம்மாவின் ராசிக்கு வீடு மாறும் யோகம் என்று போட்டிருந்தது.

தமிழ்ப் பேப்பர் மத்தியான பஸ்ஸில்தான் வந்தது. மக்கீன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"பேரு வந்திருக்கு. ஆனா ஒன்ட பேரு."

தோட்டத் தொழிலாளி அழகமுத்து, வயது நாற்பத்தேழு, மண்ணில் புதையுண்டு மரணம். நிருபர் தோட்டத்துக்கு எங்கே வந்தார்? ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். செத்தது எட்டாம் நம்பர் வீட்டு ஆள் என்றதும், அந்த வீடு யார் பெயரில் என்று கிளாக்கர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். லயத்து வீடு என்றைக்குப் பொம்பிளை பெயரில் இருந்திருக்கிறது?

"இருவத்தாறு வருசம் கொழுந்தெடுத்தா. சாவக்கூட எம்பேருல எழுதிட்டாங்களே முதலாளி" என்றான் அழகமுத்து. அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"திருத்தம் போடுவானுங்க."

"அதப் படிப்பாங்களா?"

"நான் விக்கிறதோட சரி" என்றார் மக்கீன்.

மறுநாளே செல்லத்துரை வந்துவிட்டான். லயத்து வாசலில் "என் தங்கச்சிய மூளியாக்கிட்டுப் போயிட்டீங்களே மச்சான்" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தவன், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அழகமுத்துவைக் கண்டு நின்றான். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டான். அழுகையிலேயே சிரித்தான்.

"பேப்பர்க்காரன் நாசமாப் போக. மாரியாத்தா காப்பாத்திட்டா மச்சான்."

அவன் கையில் ஒரு பை. தாலியறுத்த தங்கைக்குக் கூடப் பிறந்தவன் கொண்டுவர வேண்டிய கோடிச் சேலை. சனியன் தொலையட்டும் என்று அதை மூலையில் எறிந்தான்.

"இது இனி எதுக்கு. வெள்ளையம்மா எங்க, கூப்பிடுங்க."

செத்தவளுக்கும் பிறந்த வீட்டுக் கோடி உண்டு. அழகமுத்து எழுந்துபோய்ப் பையை எடுத்துத் தூசி தட்டினான்.

"அவளுக்குத்தான் மச்சான் வேணும். வாங்க, போட்டுட்டு வருவோம்" என்று சொல்லி, மயானத்துப் பாதையில் முன்னால் நடந்தான்.