இன்னைக்கு என்ன கிழமை, வெண்பா?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறப்பு மலருக்காகப் புலம்பெயர் வாழ்வின் வலி பற்றிக் கதை கேட்டிருந்தார்கள். எனக்கு அந்த வாரம் வலி எதுவும் கைவசம் இல்லை. குபெர்டினோவில் இந்தியக் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். அங்கே புஷ்பவல்லி நின்றிருந்தாள். இரண்டு முழங்கையிலும் சிராய்ப்பு, நெற்றியில் காய்ந்த சேறு, கூடையில் வெண்டைக்காய். வலி கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது. என்ன ஆச்சு என்று கேட்டேன். மலையில் சைக்கிள் ஓட்டும்போது விழுந்துவிட்டேன் என்றாள்.

புஷ்பவல்லி கோபிசெட்டிபாளையத்துக்காரி, இங்கே பல் டாக்டர். நாற்பத்தாறு வயது. ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனதோடு சரி, அதற்கப்புறம் அதைத் தொட்டதில்லை. அவள் மலையில் விழுந்தாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. வலியைக் கைவிட்டு இப்படி ஆரம்பித்தேன்:

மேற்கு மலைகளின் மேல் இளவெயில் தன் தங்கப் போர்வையை மெல்ல

(வேண்டாம். அந்த மலையில் வெயில் போர்வை எதையும் விரிக்கவில்லை. தூசி பறந்தது, அவ்வளவுதான்.)

2

மகள் வெண்பா ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் மலைச் சைக்கிள் கிளப்பில் சேர்ந்திருந்தாள். பையன்கள் கூட்டமாக இருந்தார்கள், பெண்கள் இவளும் இன்னொருத்தியும்தான். பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் கூட வராமல் எந்தக் குழுவும் மலையேறக் கூடாது என்பது விதி. ஆள் பற்றாததால் இந்த இரண்டு பேரும் பையன்களின் தூசியைத் தின்றுகொண்டே பின்னால் போனார்கள்.

மகளை இதிலிருந்து விலக்கிவிடத்தான் புஷ்பவல்லி பெற்றோர் கூட்டத்துக்குப் போனாள். என்ன பேசுவது என்று காரிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். பயிற்சியாளர் அந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் யார் என்று கேட்டார். இவள் கையை நன்றாக உயர்த்தினாள். அருமை, பெண்கள் குழுவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது என்றார் அவர். எல்லோரும் கைதட்டினார்கள்.*

வீட்டில் கணவர் ஜெயபிரகாஷ், முடியாதுன்னு சொல்லிட்டியா என்று கேட்டார். சொல்லத்தான் போனேன், அவங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க என்றாள்.

* இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் நம்பும்படியாக இருந்திருக்கும்.

3

வெண்பாவை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவள் இரு கலாச்சாரங்களுக்கு நடுவே தவித்துக்கொண்டிருந்தாள். நிஜத்தில் அவள் எதற்கும் தவிக்கவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பிரேக் பற்றி வீடியோ பார்க்கிறாள். அம்மா தமிழில் கேட்பதெல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கிண்டர்கார்டன் போன நாளிலிருந்து அப்படித்தான்.

அம்மாவுக்குச் சைக்கிள் பழக்கியதும் அவள்தான். கல்லைப் பார்த்தால் கல் மேல்தான் போவாய், போக வேண்டிய இடத்தைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். புஷ்பவல்லி கல்லையே பார்த்தாள். அந்த முழங்கைச் சிராய்ப்பு அப்படி வந்ததுதான். ஆனாலும் விடவில்லை. சரிவில் இறங்கவும் பழகினாள்.

வெண்பாவின் ஆசை பெரியது. பெண்களுக்கென்றே ஒரு முழுக் குழு வேண்டும், பந்தயத்துக்கு ஒரு வண்டி நிறையப் போக வேண்டும். கோயிலிலும் ஞாயிறு தமிழ் வகுப்பிலும் தெரிந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். பெண்கள் சரி என்றார்கள். அம்மாக்கள், கை ஒடிஞ்சா காலேஜ் சேர எஸ்.ஏ.டி. பரீட்சை எப்படி எழுதுறது என்றார்கள். யாரும் வரவில்லை.

4

ஏப்ரலில் பந்தயம். முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் மாநில இறுதிப் போட்டிக்குப் போகலாம்.

புஷ்பவல்லியை ஒரு செங்குத்தான இறக்கத்தின் வளைவில் நிறுத்தியிருந்தார்கள். பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை, விசில், வாக்கி டாக்கி. யாராவது விழுந்து தலையில் அடிபட்டால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: உன் பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், இன்று என்ன கிழமை. பதிலில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். பந்தயம் அடுத்த வருஷமும் வரும், மூளை வராது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது சுற்றில் வெண்பா மூன்றாவதாக வந்தாள். வளைவில் முன்சக்கரம் பொடிக்கல்லில் வழுக்கி, ஆள் சைக்கிளைத் தாண்டிப் போய் விழுந்தாள். ஹெல்மெட் தரையில் இடித்த சத்தம் புஷ்பவல்லிக்குக் கேட்டது. விசிலை ஊதி, ஓடிப் போய், பழக்கிக்கொடுத்தபடியே ஆங்கிலத்தில் கேட்டாள்.**

பெயர் சொன்னாள். இடம் சொன்னாள். கிழமை கேட்டதும் கண்ணைத் திறந்து, "ஞாயித்துக்கிழமைம்மா" என்றாள்.

பதில் சரி. ஆனால் தமிழ்.

புஷ்பவல்லி மகளின் முகத்தைப் பார்த்தாள். வாக்கி டாக்கியை எடுத்து, இந்தப் பிள்ளை தொடரக் கூடாது, மருத்துவரை அனுப்புங்கள் என்றாள். வெண்பா சைக்கிளை நிமிர்த்தி ஏறப் பார்த்தாள். புஷ்பவல்லி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். நான் சரியாகத்தானே சொன்னேன் என்று மகள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

"சரியாத்தான் சொன்ன கண்ணு. ஆனா தமிழ்ல சொன்ன."

மருத்துவர் வந்து கண்ணைப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், எதையெதையோ கேட்டார். தலைக்கு ஒன்றும் இல்லை என்றார். அதற்குள் பந்தயம் முடிந்திருந்தது. கேமராவோடு முடிவுக்கோட்டில் நின்ற ஜெயபிரகாஷ், தெரியாத பெண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

** விதிப்படி ஆங்கிலத்தில்தான் கேட்டாள். தலைப்பைத் தமிழில் வைத்தது என் வேலை.

5

வெண்பா அழவில்லை, கத்தவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அம்மாவிடம் தமிழில் மட்டும் பேச ஆரம்பித்தாள். போனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். "பள்ளி நன்றாக இருந்தது. எனக்குப் பசி இல்லை. நன்றி, அம்மையீர்."

தமிழ் வகுப்பில் வருஷக்கணக்கில் நடக்காதது வீட்டில் நடந்துவிட்டது என்று ஜெயபிரகாஷ் முதலில் பூரித்துப் போனார். இது கோபம் என்று பிறகுதான் அவருக்குப் புரிந்தது. புஷ்பவல்லிக்கு முதல் சொல்லிலேயே புரிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் தன் தாய்மொழியைக் கேட்டு அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

(இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

இதற்கிடையில் விஷயம் கோயிலுக்குப் போனது, கடைக்குப் போனது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த சொந்த மகளை ஒரு அம்மா நிறுத்திவிட்டாளாம். எஸ்.ஏ.டி. பேசிய அம்மாக்கள் இப்போது வேறு பேசினார்கள். பெத்த பொண்ணையே நிறுத்தினவ, நம்ம பிள்ளைங்களை மட்டும் அசட்டையா விட்டுடுவாளா? ஒருத்தி வந்தாள், அவள் தோழி வந்தாள், தோழியின் தங்கை வந்தாள். அடுத்த பருவத்தில் பெண்கள் குழு வண்டி நிறைய ஆகிவிட்டது.

வெண்பா கேட்டது கிடைத்தது. ஆனால் அவள் முடிவுக்கோட்டைத் தாண்டாததால் கிடைத்தது. அவளுக்கும் அது தெரியும்.

6

முடிவு ஒன்று: மலையுச்சியில் மகள் அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். நீ அன்று செய்ததுதான்

(கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அடுத்த வருஷம் வெண்பா மாநிலப் போட்டியில் ஜெயிக்கிறாள். இதைப் புஷ்பவல்லியிடம் படிக்கக் கொடுத்தேன். சிராய்ப்பு ஆறிய கையால் காகிதத்தைத் திருப்பித் தந்தாள்.

"அவ ஜெயிக்கறது இருக்கட்டுங்க்கா. நான் பண்ணது சரியா தப்பான்னு எழுதலையே?"

நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். மறுபடியும் அதே வளைவில் நின்றால் மறுபடியும் நிறுத்துவேன் என்றாள். மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும் இருக்கிறது என்றாள். இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீங்கள்தானே எழுத்தாளர் என்றாள்.

முயன்று பார்த்தேன்.

நான் செய்தது சரிதான், ஆனால்

என்னை மன்னித்துவிடு, ஆனால்

எப்படி எழுதினாலும் அந்த ‘ஆனால்’ வந்து கெடுத்தது.

வெண்பாவிடமும் கேட்டேன், அன்றைக்கு ஏன் தமிழில் சொன்னாய் என்று. தோளைக் குலுக்கினாள். தெரியாது ஆன்டி, கண்ணைத் திறந்தேன், அம்மா நின்றிருந்தாள் என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அம்மாவிடம் இதைச் சொன்னாயா என்றேன். இல்லை என்றாள். கதையில் நான் ஜெயிக்கிறேனா என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது அம்மா வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. வெண்பாவுக்கு இப்போது கார் ஓட்டிப் பழக பெர்மிட் கிடைத்துவிட்டது. அவள் ஓட்டுவாள், புஷ்பவல்லி பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். இந்த வரிவரைக்கும் வருவாள்.

புஷ்பா, இதற்கு மேல் நான் எழுதவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிடு. அவள் கண் ரோட்டில் இருக்கும், உன்னைப் பார்க்க மாட்டாள், அது சௌகரியம். சொல்ல நினைத்ததை நீயே சொல், எந்த மொழியில் வந்தாலும் சரி.

மற்றவர்கள் என்னோடு இறங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் போகட்டும்.